எடுத்து வளர்த்த பிள்ளைகளுக்கு ஓர் அக்கா, ஓர் அண்ணன்: நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

பினாங்கில் தத்துப்பிள்ளைகளுக்காக நாங்கள் நடத்தும் சந்திப்புக்குச் சென்ற மாதம் வந்த பதினேழு வயதுப் பெண் ஒருத்தி, கிளினிக்கில் கொடுத்த படிவத்தைப் பையிலிருந்து எடுத்தாள். குடும்பத்தில் யாருக்காவது இனிப்புநீர், இரத்தக் கொதிப்பு, இருதய நோய் உண்டா என்று கேட்டிருந்தது. மூன்று கட்டங்களும் வெறுமையாக இருந்தன. அம்மாவிடம் கேட்டால் அவர் முகம் வாடிவிடுமோ என்ற பயம் அவளுக்கு. பக்கத்தில் இருந்த அக்காவுக்கு நாற்பது வயது இருக்கும், அவரும் தத்துப்பிள்ளைதான். "நான் 'தெரியாது, தத்து' என்று எழுதிவிடுவேன். ஆண்டுக்கு ஒருமுறை இரத்தம் எடுத்துப் பார்த்துக்கொள்வேன், அவ்வளவுதான்" என்றார். அவள் உடனே பேனா கேட்டாள்.

இந்தப் பிள்ளைகளின் பெற்றோர் மீது எங்களுக்கு எந்தக் குறையும் இல்லை. உயிரைக் கொடுத்து வளர்க்கிறார்கள். ஆனால் அந்தப் படிவத்தின் முன் உட்கார்ந்து விழித்த அனுபவம் அவர்களுக்கு இல்லையே.

நம் சமூகத்துக்குத் தத்து புதிதன்று. புலி ஆண்டில் பிறந்த பெண் ஆகாது என்ற நம்பிக்கையாலும் வறுமையாலும் சீனக் குடும்பங்கள் கொடுத்த குழந்தைகளைத் தோட்டத்துத் தமிழர்கள் ஏந்திக்கொண்டார்கள். அவர்களில் பலர் இன்று பாட்டிகள். பொட்டு வைத்து, தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை ஏறுகிறார்கள். சந்தையில் கடைக்காரர் ஹொக்கியன் சீனத்தில் விலை சொன்னால் தமிழில் பேரம் பேசுகிறார்கள். சிலருக்குக் கல்யாணப் பேச்சு எழுந்த அன்றுதான் பிறப்பின் கதையே தெரிந்தது. அதை ஏன் மறைத்தார்கள் என்று இப்போது கேட்டு ஆகப்போவது ஒன்றுமில்லை.

இன்றைய பிள்ளைகளுக்குக் காகிதச் சிக்கலும் உண்டு. தத்தெடுப்புக்கு 1952ஆம் ஆண்டின் இரண்டு சட்டங்கள் இருக்கின்றன: ஒன்று நீதிமன்ற வழி, மற்றது தேசியப் பதிவிலாகா வழி. எந்த வழியில் போனாலும் தத்து வேறு, குடியுரிமை வேறு. இது புரியாத குடும்பங்களுக்குப் பிள்ளை 12 வயதில் மைகாட் அடையாள அட்டை எடுக்கப் போகும்போதுதான் இடி விழுகிறது. பெற்றோர் யாரென்று தெரியாமல் கைவிடப்பட்டுத் தத்தெடுக்கப்பட்ட ஒரு பிள்ளைக்குக் குடியுரிமை உண்டு என்று 2021 நவம்பரில் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நாங்கள் வழக்கறிஞர்கள் அல்லர். கோப்பைத் தூக்கிக்கொண்டு பதிவிலாகா முகப்பு வரை உடன் செல்ல ஒரு பெரியவரை அனுப்புவோம்.

ஜார்ஜ்டவுனில் மாதம் ஒரு ஞாயிறு கூடுகிறோம். நிபோங் திபாலிலிருந்து கொமுட்டர் ரயிலில் பட்டர்வொர்த் வந்து, ஃபெரி ஏறி வருகிற பிள்ளைகள் உண்டு. ஒவ்வொருவருக்கும் தத்துப்பிள்ளையாக வளர்ந்த ஓர் அக்காவையோ அண்ணனையோ இணைத்துவிடுவதே திட்டம். சிறார்களுக்கு எதிராகக் குற்றமிழைத்தோர் பதிவேட்டைச் சரிபார்க்காமல் எந்த அக்காவையும் அண்ணனையும் வழிகாட்டியாகச் சேர்ப்பதில்லை. சிலருக்கு இதில் மனத்தாங்கல், பரவாயில்லை.

ஓராண்டுச் செலவு 17,600 வெள்ளி (ரிங்கிட்). பிள்ளைகளின் பயணக் கட்டணம் 4,800, சாப்பாட்டுக்கு 3,600, பதிவு பெற்ற ஆலோசகர் வழிகாட்டிகளுக்கு நடத்தும் பயிற்சிக்கு 4,000, பள்ளி விடுமுறையில் பாலிக் புலாவில் இரண்டு நாள் முகாமுக்கு 5,200. உறுப்பினர்கள் கைப்பணம் போட்டு 6,150 வெள்ளி சேர்த்திருக்கிறோம். மீதி 11,450 வெள்ளிக்காகவே இந்த வேண்டுகோள். 40 வெள்ளி தந்தால் ஒரு பிள்ளை ஒரு மாதம் வந்து போகலாம்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். வருமான வரிச் சட்டத்தின் 44(6) அங்கீகாரம் எங்களுக்கு இல்லை. ரசீது கிடைக்கும், வரிக்கழிவு கிடைக்காது. வீடு வீடாகவும் வரமாட்டோம். அதற்கு 1947ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமம் வேண்டும், நாங்கள் எடுக்கவில்லை. எங்கள் பெயரைச் சொல்லி யாராவது உண்டியலோடு வாசலில் நின்றால் ஒரு காசும் கொடுக்காதீர்கள். பணத்தைப் பொருளாளரிடம் நேரிலோ, குழுவின் வங்கிக் கணக்கிலோ மட்டும் செலுத்துங்கள். பிள்ளைகளின் படங்களை நன்றிக் கடிதத்தில் எதிர்பார்க்க வேண்டாம், கணக்கறிக்கை வரும். பழைய துணியும் வேண்டாம்.

நீங்களே தத்துப்பிள்ளையாக வளர்ந்தவர் என்றால் பணம் அனுப்பும் முன் ஒரு ஞாயிறு வந்து பாருங்கள். ஆண்கள் அதிகம் தேவை. ஒன்பது பையன்களுக்கு இப்போது இரண்டே அண்ணன்கள்.

இங்ஙனம்,
ஏற்பாட்டுக் குழுவினர்,
பினாங்கு