உன் கணக்கில் வந்த சுழியம்

அன்புள்ள தங்கைக்கு,

நீ போட்ட லீ அடைப்புக்கு, அதாவது இரண்டு வகையிடல் செயலிகளை இரண்டு வரிசையிலும் போட்டுக் கழிப்பதற்கு, விடை நீ எழுதியபடி சுழியம் அல்ல. எக்ஸ் என்னும் சார்பை வெறும் எண்ணைப் போல அடைப்புக்கு வெளியே எடுத்த அந்த ஒரு வரியில்தான் பிழை.

திரும்பப் போடுவோம். க என்பது எக்ஸைப் பொறுத்து வகையிடுவது. ச என்பது ஒய்யைப் பொறுத்து வகையிட்டு, எக்ஸால் பெருக்குவது. ஒரு சார்பின் மேல் முதலில் ச, பிறகு க போடு. பெருக்கல் விதியால் இரண்டு உறுப்புகள் வரும்: ஒய் வகைக்கெழு ஒன்று, எக்ஸால் பெருக்கிய கலப்பு இரண்டாம் வகைக்கெழு ஒன்று. முதலில் க, பிறகு ச என்றால் அந்தக் கலப்பு உறுப்பு மட்டுமே வரும். கழித்தால் அது அடிபட்டுப்போய் ஒய் வகைக்கெழு மிஞ்சும். அதுதான் விடை.

அப்படி அடிபடுவதில்தான் எல்லாமே இருக்கிறது. ஒவ்வொரு புள்ளியிலும் ஓர் அம்பை வைக்கும் வெக்டர் புலம் என்பது, அந்த அம்பின் திசையில் ஒரு முறை வகையிடும் முதல் வரிசைச் செயலி. க, ச இரண்டும் அப்படிப்பட்டவை. இரண்டை அடுத்தடுத்துப் போட்டால் இரண்டாம் வரிசை ஆகிவிடும். அது வெக்டர் புலமே இல்லை. [க, ச] = கச − சக என்று கழித்தால்தான் (கச என்றால் முதலில் ச, பிறகு க) அடைவுப் பண்பு கிடைக்கிறது, அதாவது விடையும் வெக்டர் புலமாகவே இருக்கிறது. ஆயத்தொலைவுச் சூத்திரத்தை மனப்பாடம் செய்வதைவிட இந்தக் கழித்தலை நாலு முறை கையால் போடுவது மேல். அடைப்பை ஒரு பெருக்கலாகப் பார்த்தால், அதற்குச் சேர்ப்புப் பண்பு கிடையாது. அதன் இடத்தில் யாக்கோபி சமனி நிற்கிறது (ட மூன்றாவது புலம்): [க, [ச, ட]] + [ச, [ட, க]] + [ட, [க, ச]] = 0. நார்வே கணிதர் சோஃபுஸ் லீ (1842–1899) பெயரால் இப்படிப்பட்ட அமைப்பை லீ இயற்கணிதம் என்கிறோம்.

அடைப்பு கண்ணுக்கும் தெரியும். இரண்டு சக்கர ரோபோ ஒன்றுக்கு முன்பின் ஓடவும் நின்ற இடத்தில் திரும்பவும் மட்டுமே தெரியும் என்று வை. 10 செ.மீ. முன்னே போ, 0.1 ரேடியன் இடப்பக்கம் திரும்பு, 10 செ.மீ. பின்னே வா, 0.1 ரேடியன் வலப்பக்கம் திரும்பு. முகம் பழைய திசையில்தான் இருக்கும், ஆனால் ரோபோ வலப்பக்கம் சுமார் 1 செ.மீ. நகர்ந்திருக்கும். தூரம், கோணம் இரண்டையும் பாதியாக்கினால் நகர்வு கால்வாசி, சுமார் 2.5 மி.மீ. பக்கவாட்டில் நகர்த்தும் புலம் நாம் கொடுத்த இரண்டில் இல்லை. அவற்றின் அடைப்பிலிருந்து பிறந்தது.

ஒரு கோட்டின் மேல் 1, எக்ஸ், எக்ஸ் வர்க்கம் ஆகியவற்றைக் கெழுவாகக் கொண்ட மூன்று புலங்கள் தமக்குள் அடைவு பெறும், பரிமாணம் 3. முப்படியைச் சேர்த்தால் கதை மாறிவிடும். இருபடியும் முப்படியும் 4-ஆம் படியைத் தரும், இருபடியும் 4-ஆம் படியும் 5-ஆம் படியை. பரிமாணம் முடிவிலியாகிவிடும்.

இனி உனக்கு வேண்டிய விதி, ப ஒரு சார்பு என்றால்: [க, பச] = ப[க, ச] + க(ப)ச. இங்கே க(ப) என்பது ப-வின் மேல் க போட்டால் வருவது. ப மாறிலியாக இருந்தால் கடைசி உறுப்பு போய்விடும். அப்போது மட்டும் நீ செய்தது சரி. இரு பக்கமும் ப, ம என்று சார்புகள் இருந்தால்: [பக, மச] = பம[க, ச] + பக(ம)ச − மச(ப)க. அந்தக் கழித்தல் குறியைத்தான் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். ப = ஒய், ம = எக்ஸ் என்று வைத்து, க, ச இரண்டையும் வெறும் எக்ஸ், ஒய் வகையிடல்களாக எடுத்து ஒருமுறை விரித்துப் பார்.

அன்புடன்,
அண்ணன்