சீரியல் பாட்டிகளுக்கு வசனம் எழுதுங்கள்

தமிழ்ச் சீரியல் எடுக்கிற சானல்காரர்களுக்கும் தயாரிப்பாளர்களுக்கும் வணக்கம்.

'மண் வாசனை' ஞாபகம் இருக்கிறதா? 2008-ல் கலர்ஸ் சானலில் 'பாலிகா வது' என்று இந்தியில் ஆரம்பித்து, அப்புறம் ராஜ் டிவியில் தமிழ் பேசிக்கொண்டு நம் வீடுகளுக்குள் வந்ததே, அதுதான். குழந்தைத் திருமணம்தான் கதை, ஆனந்திதான் நாயகி, ஆனால் எங்கள் வீட்டில் திட்டித் திட்டி ஒரு நாள் விடாமல் பார்த்தது அந்தக் கல்யாணி தேவிப் பாட்டியைத்தான்.

அந்தப் பாட்டியாக நடித்தவர் பெயர் சுரேகா சிக்ரி. இப்ராஹிம் அல்காசி இயக்குநராக இருந்த காலத்தில் டெல்லி தேசிய நாடகப் பள்ளியில் படித்து 1971-ல் வெளியே வந்தவர், பிறகு பத்து வருஷத்துக்கும் மேல் அதே பள்ளியின் ரெப்பர்ட்டரி என்கிற நிரந்தர நாடகக் குழுவில் மேடையே கதி என்று இருந்தார். 'தமஸ்' என்ற தொலைக்காட்சிப் படம் அவருக்கு துணை நடிகைக்கான தேசிய விருது வாங்கித் தந்தது, 1989-ல் நாடகத்துக்காக சங்கீத நாடக அகாதெமி விருதும் வந்தது, அப்புறம் 'மம்மோ' படத்துக்கு இன்னொரு தேசிய விருது. இத்தனையும் இருந்தும், நாடு முழுக்க வீட்டுக்கு வீடு தெரிந்த முகமாக அவர் மாறியது அறுபதைத் தாண்டிய பிறகு, ஒரு சீரியலில்.

ஏன் என்று யோசித்தீர்களா? அந்தப் பாட்டிக்கு எழுத்தில் இடம் இருந்தது. பேரன் பேத்திகளை ஆட்டிவைக்கிற கொடுமைக்காரியாக வந்தவர், கதை போகப் போக மாறுகிற அளவுக்கு ஒரு முழு மனுஷி. மீதியை மேடை பார்த்துக்கொண்டது. அவர் கத்துகிற காட்சியைவிட, ஒன்றும் பேசாமல் உட்கார்ந்து ஒரு பார்வை பார்க்கிற காட்சியில்தான் எனக்கு வயிற்றைக் கலக்கும். மூன்று முறை முகத்தை ஜூம் செய்து 'டொய்ங்' என்று சத்தம் போடத் தேவையே இல்லாத நடிப்பு அது. (தமிழில் அவர் குரல் நமக்குக் கிடைக்கவில்லை. டப்பிங் பேசியவரைக் குறை சொல்லவில்லை, ஆனாலும் இந்தியில் ஒரு தடவை கேட்டுப் பாருங்கள்.)

இப்போது நம் சீரியல் பாட்டிகளைப் பாருங்கள். சோபாவில் உட்கார்ந்து 'என்னடா இது அநியாயம்' என்பார்கள், அழுவார்கள், கதை நகராதபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போவார்கள். அவ்வளவுதான்! மதுரையிலும் புதுக்கோட்டையிலும் ஸ்பெஷல் நாடக மேடைகளில் (ஊர்த் திருவிழாக்களில் ராத்திரி முழுக்க நடக்கிற நாடகங்கள்) விடிய விடிய நின்று, மைக் மக்கர் செய்தாலும் கடைசி வரிசை வரைக்கும் வசனத்தைக் கொண்டுபோய்ச் சேர்த்த அம்மாக்கள் இருக்கிறார்கள். 'வள்ளி திருமணம்' நாடகத்தில் வள்ளியாக நின்றுகொண்டு எதிரே இருக்கிற நாரதரோடு அந்த இடத்திலேயே தர்க்கம் கட்டிப் பேசியவர்கள். அவர்களைக் கூப்பிட்டாலும் கும்பலில் ஒரு பாட்டியாகத்தானே நிறுத்துகிறீர்கள்? காட்சியை முதல் நாளே கையில் கொடுத்தால் மனப்பாடம் செய்துகொண்டு வந்து நிற்பார்கள். பக்கத்தில் நின்று ஒருவர் பிராம்ப்ட் கொடுக்க, அதைக் கிளிப்பிள்ளை மாதிரி திருப்பிச் சொல்ல வைத்தால் யாராக இருந்தாலும் ஒன்றுபோலத்தான் தெரிவார்கள்.

வயசாகிவிட்டது, தாங்குவார்களா என்று கேட்பீர்கள். 2020-ல் கொரோனாவைக் காரணம் காட்டி 65 வயது தாண்டியவர்கள் படப்பிடிப்புக்கு வரக்கூடாது என்று மகாராஷ்டிர அரசு சொன்னபோது, யாரிடமும் உதவி வேண்டாம், வேலை கொடுங்கள் என்றுதான் சுரேகா சிக்ரி கேட்டார். அதற்கு முன்பே பக்கவாதம் வந்திருந்தது, 'பதாய் ஹோ' படத்துக்கான மூன்றாவது தேசிய விருதைச் சக்கர நாற்காலியில் வந்து வாங்கியிருந்தார். 2021 ஜூலையில் போய்விட்டார்.

சரி, நான் கேட்பது இதுதான். அடுத்த தொடருக்கு ஆள் தேடும்போது சென்னையிலேயே நின்றுவிடாமல் மதுரை நாடக சங்கத்துக்கு ஒரு ஆளை அனுப்புங்கள். அதற்கு முன்னால், அவர்கள் வந்தால் பேசுவதற்கு நாலு பக்கம் எழுதி வையுங்கள்.