சிறுகதைத் தொகுப்பு போடுற சின்னப் பதிப்பகங்களுக்கு: கதைக்குக் கீழ வருஷத்தப் போடுங்க

சின்னப் பதிப்பகம் நடத்துற அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும் வணக்கம்.

உங்க கஷ்டம் ஓரளவு தெரிஞ்சுதான் எழுதுறேன். நாவல்னா பேரச் சொல்லிக் கேட்டு வாங்குறாங்க, சிறுகதைத் தொகுப்புன்னா ரெண்டு பக்கம் புரட்டிட்டு வச்சிட்டுப் போயிடுறாங்க, அதனாலதான் நிறைய பேர் பிரிண்ட் ஆன் டிமாண்ட்ல அம்பது, நூறுன்னு அடிச்சு ஓட்டிட்டிருக்கீங்க. அப்படியும் புது ஆளோட முதல் தொகுப்பத் துணிஞ்சு போடுறது நீங்கதான். அதனால குறை சொல்ல வரல, ஒண்ணே ஒண்ணு கேக்க வந்தேன். ஒவ்வொரு கதைக்குக் கீழயும் அது எந்தப் பத்திரிகைல, எந்த வருஷம் வந்துச்சுன்னு ஒரு வரி போடுங்க.

இதுக்குப் போய் ஒரு மடலான்னு தோணும். புதுமைப்பித்தன எடுத்துக்கோங்க. அகலிகை கதைய அவர் ரெண்டு தடவ எழுதியிருக்கார், 'அகல்யை' 1934ல, 'சாப விமோசனம்' 1943ல. முதல் கதைல கௌதமன் நடந்ததப் புரிஞ்சுக்கிட்டு மன்னிச்சிடுறார். ரெண்டாவதுல சாபம் தீர்ந்து எழுந்து வந்த பிறகும் அவளுக்கு நிம்மதி இல்ல, ஊர் வாயும் விடல, கடைசில ராமன் தன்ன தீக்குளிக்கச் சொன்னத சீதையே வந்து சொல்லக் கேட்டதும் திரும்பக் கல்லாயிடுறா. வருஷம் தெரியாம இந்த ரெண்டையும் முன்னபின்ன மாத்திப் படிச்சோம்னு வைங்க, இளமைல கொதிச்ச மனுஷன் போகப்போக சமாதானமாயிட்டார்னுதான் நினைப்போம். நடந்தது நேர் எதிர்.

இன்னிக்கு இது நமக்கு சுலபமா தெரியுதுன்னா, 2000ல காலச்சுவடு போட்ட முழுத்தொகுப்புல ஆ. இரா. வேங்கடாசலபதி கதைகளக் காலவரிசைல அடுக்கி, எது எங்க வந்துச்சுன்னும் சேர்த்துக் குடுத்ததாலதான். எழுதுனவர் 1948லயே போயிட்டார், அம்பது வருஷம் கழிச்சு ஒரு ஆய்வாளர் பழைய இதழ்களத் தேடி உக்கார வேண்டியிருந்துச்சு. அவர் புதுமைப்பித்தன், அவருக்காக ஒருத்தர் உக்காந்தார். நீங்க போடுற எழுத்தாளருக்கு யார் உக்காரப்போறா?

ஈழத்துக் கதைகளுக்கு வந்தா இது இன்னும் மோசம். கதைல ஊரடங்கு, ஷெல் சத்தம், "ஆமி வந்துட்டான்"னு ஒரு வரி. எந்த ஆமி? இலங்கை ராணுவமா, இல்ல 1987ல போய் 1990ல திரும்பின இந்திய ராணுவமா? சனம் மூட்டையக் கட்டிட்டுக் கிளம்புதுன்னா அது 1983 ஜூலைக்கு அப்புறமா, 1995 யாழ்ப்பாண இடப்பெயர்வா? எழுதுனவர் அன்னிக்கு அத விளக்க வேண்டிய அவசியமே இல்ல, அந்த இதழ வாங்குனவனுக்கு எல்லாம் தெரியும், அவனும் அதே வீட்டுலதான பயந்துட்டு இருந்தான். முப்பது வருஷம் கழிச்சு இங்க உக்காந்து படிக்கிற எனக்குத் தெரியாது. கீழ ஒரு வருஷம் இருந்தா போதும், மொத்தக் கதையும் வேற மாதிரி திறக்கும்.

இதழ்லயே போய்ப் பாத்துக்கலாமேன்னு சொல்லலாம். எந்த இதழ்ல? சிற்றிதழ்கள் முக்காவாசி நாலு இதழோட நின்னுபோனதுங்க. ரோஜா முத்தையா செட்டியார் மாதிரி ஒருத்தர் கோட்டையூர்ல உக்காந்து சேர்த்ததால கொஞ்சம் பிழைச்சுது, 1981ல யாழ்ப்பாண நூலகத்த எரிச்சப்ப என்னென்ன போச்சோ. இப்ப இணைய இதழ்ல வர்ற கதைக்கும் இதே கதிதான், சைட்டப் புதுப்பிக்கிறேன்னு ஒருநாள் பழைய லிங்க் எல்லாத்தையும் காலி பண்ணிடுறாங்க. கடைசில மிஞ்சப்போறது உங்க புத்தகம் மட்டும்தான்.

எழுத்தாளருக்கே ஞாபகம் இல்லங்கிற பதில் வரும்னு தெரியும். இருக்கட்டும், தெரிஞ்சதப் போடுங்க, தெரியாததுக்கு "வெளியான விவரம் கிடைக்கவில்லை"ன்னு போடுங்க, இதுல வெக்கப்பட ஒண்ணுமில்ல. தொகுப்புக்காகத் திருத்தியிருந்தா அதையும் சொல்லுங்க, தலைப்ப மாத்தியிருந்தா கண்டிப்பா சொல்லுங்க, ஏன்னா ஒரே கதைய ரெண்டு பேர்ல ரெண்டு தொகுப்புல காசு குடுத்து வாங்குறவன் நான்தான். 1974ல க்ரியா பதிப்பகத்த ஆரம்பிச்ச ராமகிருஷ்ணன் கையெழுத்துப் பிரதிய எழுத்தாளரோட உக்காந்து வரிவரியா பாப்பார்னு சொல்லுவாங்க, 2020ல கொரோனா அவரையும் கொண்டுபோயிடுச்சு. அந்த அளவு உழைப்ப நான் கேக்கல, கதைக்கு ஒரு வரிதான்.

அப்புறம் அம்பது பிரதி தீர்ந்து மறுபடி அம்பது அடிக்கிறதுக்குப் பேர் இரண்டாம் பதிப்பு இல்ல, அது மறு அச்சு. சரி, அத இன்னொரு நாள் பேசிக்கலாம்.

ஜனவரி புத்தகக் காட்சிக்கு வர்ற தொகுப்புகளோட பிடிஎஃப் அச்சகத்துக்குப் போறதுக்கு முன்னாடி எழுத்தாளருக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுடுங்க. பக்கம் கூடி ஃபாரம், அதாவது அச்சுத் தாள் கணக்கு, இடிக்குதுன்னா, எல்லாக் கதையோட முடிவையும் முன்கூட்டியே சொல்லிடுற அந்தப் பன்னெண்டு பக்க முன்னுரைல தாராளமா கை வைக்கலாம்.

இப்படிக்கு,
உங்க புத்தகங்கள வாங்கிப் படிக்கிற ஒருத்தன்