எங்கள் ஊர்த் திடலைச் சமன் செய்து தந்தவர்களுக்கு நன்றி மடல்

ஊர்ப் பெரியோர்களுக்கும், தாய்மார்களுக்கும், வெளியூர்களில் இருந்தபடியே உதவிய நண்பர்களுக்கும் எங்கள் இளைஞர் மன்றத்தின் பணிவான வணக்கம்.

முதுகுளத்தூர் வட்டாரத்தில் உள்ள எங்கள் ஊரின் பள்ளித் திடல், சீமைக்கருவேல் மண்டி ஆடுமாடுகூட நுழையத் தயங்கும் இடமாகக் கிடந்தது போய், இன்று கபடிக்கும் கைப்பந்துக்கும் களம் போடும் அளவுக்குச் சமதரையாகியிருக்கிறது. பார்த்துப் பாராட்டுகிறவர்கள் பலரும் பெருமையை மண் அள்ளும் இயந்திரத்துக்கே கொடுக்கிறார்கள். அதன் வாடகையைப் பகிர்ந்துகொண்ட திருப்பூர், சிங்கப்பூர் நண்பர்களுக்கு நாங்கள் பெரிதும் கடமைப்பட்டிருக்கிறோம். ஆனால் உண்மையைச் சொல்வதென்றால், அந்த இயந்திரம் வேலையை முடித்துக்கொண்டு போன அன்று திடல் முன்பைவிடக் கரடாகத்தான் இருந்தது. சீமைக்கருவேலைத் தரைமட்டத்தில் வெட்டினால் தூரிலிருந்து மறுபடியும் துளிர்த்துவிடும் என்பதால் வேரோடு பெயர்க்க வேண்டியிருந்தது. பெயர்த்த இடமெல்லாம் குழியாகவும், குழிக்கு அருகிலேயே குத்துக்கல் போன்ற கரம்பைக் கட்டிகளாகவும் நின்றன. அந்தத் தரையை ஆடுதரையாக்கியவை ஒரு சின்ன டிராக்டரும், அதன் பின்னால் சங்கிலியில் இழுபட்ட, தரையைச் சமப்படுத்தும் பல் வைத்த சட்டமான பரம்பும், அவற்றை எப்போது, எப்படி ஓட்டுவது என்று அறிந்த சிலரின் பொறுமையும்தான். ஆகவே இம்மடல் முதலில் அவர்களுக்கு உரியது.

கரிசல் மண்ணில் பாடுபட்டே வயது எழுபதைக் கடந்த எங்கள் மேலத்தெருப் பெரியவருக்கு முதல் நன்றி. பள்ளி விடுமுறைக்குள் வேலையை முடித்துவிட வேண்டும் என்று நாங்கள் அவசரப்பட்டபோது, காய்ந்த கரிசலில் பரம்பு ஓட்டினால் கட்டி உடையாது, உருண்டு உருண்டு பின்னால்தான் வரும் என்று சொல்லி, கோடை மழை ஒன்று விழும்வரை பொறுத்திருக்கச் சொன்னவர் அவர். மழை பெய்த பிறகும் உடனே வண்டியை இறக்க விடவில்லை. ஈரக் கரிசல் சக்கரத்திலும் பல்லிலும் அப்பிக்கொள்ளும் என்பதால், காலையும் மாலையும் திடலுக்கு வந்து ஒரு பிடி மண்ணை எடுத்து அழுத்திப் பார்ப்பார். கையில் உருண்டையாக நின்ற மண், இடுப்பு உயரத்திலிருந்து விட்டதும் தரையில் பட்டுப் பொலபொலவென்று உதிர்ந்த அன்றுதான், ‘இப்ப விடுங்கப்பா வண்டியை’ என்றார். கல்லாக இருந்த கட்டிகள் அன்று பல் பட்டவுடன் நொறுங்கியதைக் கண்டவர்களுக்கு அவருடைய காத்திருப்பின் அருமை விளங்கியிருக்கும்.

பரம்பைச் செய்து கொடுத்த வெல்டிங் பட்டறை அண்ணன் கூலியாக ஒரு ரூபாய்கூட வாங்கவில்லை. பழைய லாரி ஒன்றின் அடிச்சட்டத்தை வெட்டி, முன் குறுக்குச் சட்டத்தில் முறுக்குக் கம்பித் துண்டுகளைப் பற்களாகவும், நடுவில் ஆங்கிள் இரும்பைச் சுரண்டு தகடாகவும், கடைசியில் வழவழப்பான கனத்த சட்டம் ஒன்றையும் வைத்துப் பற்றவைத்தார். ஐந்தடி நீளம் போதும் என்று நாங்கள் கேட்டதற்கு, எட்டடிக்குக் குறைந்தால் செய்ய மாட்டேன் என்று அவர் பிடிவாதமாக இருந்ததன் காரணம் ஓட்டும்போதுதான் புரிந்தது. குட்டையான பரம்பு மேட்டில் ஏறி, பள்ளத்தில் இறங்கி, தரை போன போக்கிலேயே போகும். நீளமான பரம்போ மேட்டுக்கு மேட்டாகப் பாலம்போல் படிந்து, மேட்டைச் சுரண்டிய மண்ணைத் தன்னோடு இழுத்துச் சென்று பள்ளத்தில் விட்டுவிடும்.

டிராக்டரைத் தந்ததோடு தாமே ஓட்டவும் செய்த மிளகாய் விவசாயிக்கு எந்தச் சொல்லால் நன்றி சொல்வது? நாங்கள் வேண்டிக் காத்திருந்த அதே மழை, அவருடைய களத்தில் காய்ந்துகொண்டிருந்த முண்டு மிளகாய்க்கு ஆகாத மழை. 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற மிளகாயானாலும், நனைந்து நிறம் மங்கினால் சந்தையில் விலை கேட்க ஆளிருக்காது. அவரோ களத்தைத் தார்ப்பாயால் மூடிவிட்டு, பதம் வந்தது என்று சொல்லியனுப்பியதும் வண்டியோடு வந்து நின்றார். வேகமாக இழுத்தால் பரம்பு துள்ளி, தரையில் அலையலையாகத் தடம் விழும் என்பதால் கடைசிவரை முதல் கியரைத் தாண்டவில்லை. முதலில் நீளவாக்கிலும், பிறகு குறுக்கிலும், இறுதியாக மூலைக்கு மூலையாகவும் ஓட்டினார். எடைக்காக நாங்கள் ஏறி நிற்கிறோம் என்ற பையன்களை அதட்டி இறக்கிவிட்டு மணல் மூட்டைகளை ஏற்றியதற்காக, பெற்றோர்கள் அவருக்குத் தனியே நன்றி சொல்ல வேண்டும்.

மகளிர் குழுவினரின் உழைப்பு தரையில் தெரியாது, காலில்தான் தெரியும். ஒவ்வொரு சுற்று முடிந்ததும் பல்லில் சிக்கியிருந்த வேரையும் முள்ளையும் பிடுங்கி, மேலே கிளம்பிய சுக்கான் கல்லைப் பொறுக்கி வாளி வாளியாகக் கொட்டினார்கள். கபடி வெறுங்காலோடு ஆடும் பிள்ளைகளைக் கொண்ட ஊர் இது.

தண்ணீர் நிரப்பிய குழாயால் மேடுபள்ளம் அளக்கும் டியூப் மட்டம் பிடித்துக் கொடுத்த கொத்தனார், மழைநீர் ஊருணியின் வரத்துக்காலை நோக்கி ஓடும்படி, 100 அடிக்கு ஓர் அடிக்கு மிகாத சாய்வை முளையடித்துக் காட்டினார். கரிசல் கோடையில் வெடிக்கும் என்பதால் 13 மீட்டருக்கு 10 மீட்டர் கபடிக் களத்தில் மட்டும் பரப்புவதற்குச் செம்மண் பெற அனுமதி வாங்கித் தந்த ஊராட்சி மன்றத்தினருக்கும், தேநீரும் கூழும் தந்த வீட்டார் அனைவருக்கும் எங்கள் நன்றி.

தூர் எடுத்து நிரப்பிய குழிகள் வடகிழக்குப் பருவமழையில் மறுபடி சற்று அமுங்கும் என்று பெரியவர் சொல்லியிருப்பதால், தை மாதத்தில் பதம் பார்த்து மீண்டும் பரம்பு ஓட்ட இருக்கிறோம், டிராக்டர்காரரும் இசைந்துள்ளார். அதுவரை பரம்பு பள்ளியின் பின்புறக் கொட்டகையில் இருக்கும். சொந்த நிலத்தைச் சமன் செய்ய விரும்பும் நம் ஊர் விவசாயிகள் உடற்கல்வி ஆசிரியரிடம் சொல்லிவிட்டு வாடகையின்றி எடுத்துச் செல்லலாம். திருப்பித் தரும்போது பற்களில் உள்ள மண்ணை நீக்கித் தருமாறு மட்டும் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
இளைஞர் மன்றத்தினர்