சுபோட்டிட்சாவின் பெண்கள் அணி

அன்புள்ள பாஸ்கரா,

உன் கடிதம் வந்தது. முழங்கால் வலி குறைந்திருக்கிறது என்று படித்ததும் நிம்மதி. இங்கே எல்லாரும் சௌக்கியம், மழைதான் விட்டபாடில்லை. மற்ற வீட்டு விஷயமெல்லாம் அடுத்த கடிதத்தில். நீ கேட்டதற்கு வருகிறேன்.

"வுல்ஃப்ஸ்பர்க்கை ஒரு கோல்கூட அடிக்க விடாத செர்பியாக்காரப் பெண்கள் யார்?" என்று கேட்டிருந்தாய். அது ஸ்பார்டக் சுபோட்டிட்சா என்ற கால்பந்து அணி; வுல்ஃப்ஸ்பர்க் ஜெர்மன் அணி. சுபோட்டிட்சா, செர்பியாவின் வடக்கு முனையில், வொய்வோடினா மாகாணத்தில், ஹங்கேரி எல்லையை ஒட்டிய ஊர். பாலிச் ஏரி பக்கத்திலேயே இருக்கிறது. பெல்கிரேடும் புடாபெஸ்டும் அங்கிருந்து கிட்டத்தட்ட ஒரே தூரம். பெயரைப் பார்த்து ரோமாபுரி அடிமை வீரனை நினைக்காதே. யோவான் மிகிச் என்ற தடகள வீரரின் புனைபெயர்தான் ஸ்பார்டக். பாசிச எதிர்ப்புப் படையில் இருந்தவர், 1944 அக்டோபரில் ஊர் விடுதலையான சமயத்தில் கொல்லப்பட்டார். மறு வருஷம் தொடங்கிய ஆண்கள் கிளப்புக்கு அவர் பெயரை வைத்தார்கள், பெண்கள் அணிக்கும் அதே பெயர் வந்தது. ஆண்கள் அணி நாட்டின் முதல் டிவிஷன் கோப்பையை ஒருமுறைகூட வென்றதில்லை. பெண்கள் கதையே வேறு.

2000-களில் செர்பியப் பெண்கள் கால்பந்து என்றால் நிஷ் நகரத்து மாஷினாட்ஸ்தான். 1970-ல் தொடங்கிய கிளப், தெற்கே வெகு தூரத்தில். 2010-11 சீசனில் ஸ்பார்டக் பட்டத்தைப் பிடுங்கியது. அதற்குப் பிறகு பத்து வருஷத்துக்கு மேல் வேறு யார் கைக்கும் அதைப் போக விடவில்லை. படிக்க அழகாக இருக்கிறது, ஆனால் ஐரோப்பாவில் அந்த அணி படும் பாட்டுக்குக் காரணமே இந்த ஆதிக்கம்தான் என்பது என் கட்சி.

எப்படி என்று கேள். உள்ளூர் லீக்கில் பந்து எப்போதும் இவர்கள் காலில். சென்டர் பேக், அதாவது தற்காப்பின் நடுவில் ஆடும் இருவரும் நடுக்கோட்டருகே நின்றுகொண்டிருப்பார்கள், கோல்கீப்பருக்கு வேலையே இராது. பின்னாலிருந்து ஓடிவரும் ஆளைத் தொடர்வது, பக்கவாட்டிலிருந்து தூரத்துக் கோல்கம்பத்துக்குத் தூக்கி அடிக்கும் கிராஸைக் கவனிப்பது, கார்னரைத் தலையால் அடித்து வெளியேற்றியதும் கோலுக்கு முன்னாலுள்ள பாக்ஸுக்கு வெளியே விழும் பந்தை அடைப்பது, இதெல்லாம் வாராவாரம் அடி வாங்கினால்தான் கைவரும். பயிற்சியில் மட்டும் சொல்லிக்கொடுத்தால் எழுபதாவது நிமிஷத்தில் கால் தளரும்போது மறந்துபோகும். இதற்குத் தெரிந்த மருந்து, பதினைந்து பதினாறு வயதுப் பையன்கள் அணியோடு வாரம் ஒரு ஆட்டம். வேகமும் மோதலும் அதில் கிடைக்கும். எல்லை தாண்டி ஹங்கேரி கிளப்புகளோடு நட்பு ஆட்டம் ஆடுவதும் நல்லது, சுபோட்டிட்சாவுக்கு அந்த வசதி பெல்கிரேடைவிட அதிகம்.

இனி நீ கேட்ட ஆட்டம். 2015-16 பெண்கள் சாம்பியன்ஸ் லீக், அதாவது ஐரோப்பிய கிளப்புகளின் கோப்பை; முப்பத்திரண்டு அணிச் சுற்று, ஊருக்கு ஒன்றாக இரண்டு ஆட்டம். வுல்ஃப்ஸ்பர்க் 2013-லும் 2014-லும் அந்தக் கோப்பையை வென்ற அணி, அந்த சீசனிலும் ஃபைனல்வரை போய் பிரான்ஸின் லியோனிடம் பெனால்டியில்தான் தோற்றது. அப்பேர்ப்பட்டவர்கள் சுபோட்டிட்சாவுக்கு வந்து 0-0 என்று திரும்பினார்கள். வெளியூர் கோல் விதி அப்போது இருந்தது: மொத்த கோல் சமமானால், வெளியூரில் அதிகம் அடித்த அணி தாண்டும். ஆக ஜெர்மனியில் 1-1 எடுத்திருந்தால்கூட ஸ்பார்டக் அடுத்த சுற்றுக்குப் போயிருக்கும். நடந்தது 4-0 தோல்வி.

என்னைக் கேட்டால் அதைவிடப் பெரிய ஆட்டம் 2019 செப்டம்பரில் அட்லெட்டிகோ மாட்ரிட்டோடு ஆடியது. ஸ்பெயினில் மூன்று வருஷம் தொடர்ந்து பட்டம் வென்றிருந்த அணி அது. சொந்த ஊரில் ஸ்பார்டக் 2-3 தோற்றது, மாட்ரிட்டில் 1-1. மொத்தம் 3-4. ஒரே கோலில் போயிற்று என்று எல்லாரும் எழுதினார்கள், கணக்குப் போட்டுப் பார்த்தால் அப்படியில்லை. மாட்ரிட்டில் 2-1 என்று ஜெயித்திருந்தாலும் மொத்தம் 4-4, வெளியூர் கோல் அவர்களுக்கு 3, இவர்களுக்கு 2, அட்லெட்டிகோதான் தாண்டியிருக்கும். 3-2 என்றால் கூடுதல் நேரம். 2-0 என்றால் நேராக வழி. சொந்த ஊரில் இரண்டு கோல் அடித்ததற்குக் கைதட்டியவர்கள், வாங்கிய மூன்றின் விலையைக் கவனிக்கவில்லை. அடுத்த சீசனில் மறுபடி வுல்ஃப்ஸ்பர்க் மாட்டியது: 5-0, 2-0. பழைய 0-0-ஐ அவர்கள் மறக்கவில்லை போலும்!

இந்த முப்பத்திரண்டு அணிச் சுற்றுக்கு வந்து சேர்வதே ஒரு பாடு. பழைய முறையில் ஆகஸ்ட் மாதம் நான்கு அணிகள் ஒரே ஊரில் கூடி, ஒரு வாரத்துக்குள் மூன்று ஆட்டம் ஆட வேண்டும். முதலிடத்துக்குத்தான் பெரும்பாலும் வழி. இதில் பலர் சறுக்குவது எங்கே தெரியுமா? எளிய எதிரணியை 3-0 ஆக்கியதும் ஆட்டத்தை ஆறப்போட்டுவிடுவார்கள். முதல் இரண்டு ஆட்டத்தையும் இரண்டு பலமான அணிகள் ஜெயித்து, கடைசியில் தங்களுக்குள் டிரா செய்தால், மொத்த கோல் வித்தியாசம்தான் தீர்ப்பு. அன்றைக்கு அடிக்காமல் விட்ட நாலாவது ஐந்தாவது கோல் இப்போது உதைக்கும். மறுபக்கம், முக்கியமான ஆட்டக்காரிகளைத் தொண்ணூறு நிமிஷமும் ஓடவிட்டால் மூன்றாம் ஆட்டத்துக்குக் கால் இருக்காது. 2021-22 முதல் முறை மாறிவிட்டது. நாலு அணிகளில் அரையிறுதி, அப்புறம் இறுதி. அப்போது முதல் நாள் தோற்றால் மூன்றாம் இடத்துக்கு ஒரு ஆட்டம் ஆடிவிட்டு ஊர் திரும்ப வேண்டியிருந்தது. குரூப் சுற்றை எட்டினால் குறைந்தது 4 லட்சம் யூரோ என்று அந்த வருஷம் ஐரோப்பிய கால்பந்து சங்கம் நிர்ணயித்தது. சுபோட்டிட்சா மாதிரி கிளப்புக்கு அது எவ்வளவு பெரிய தொகை என்று சொல்லத் தேவையில்லை.

ஆட்டக்காரிகளைப் பற்றியும் கேட்டிருந்தாய். யெலேனா சான்கோவிச் ஒருத்தியைச் சொன்னால் போதும். 1995-ல் பிறந்து ஸ்பார்டக்கில் வளர்ந்தவள். ஸ்வீடனின் ரோசெங்கோர்டிலிருந்து 2022-ல் இங்கிலாந்தின் செல்சிக்குப் போனாள், முதல் சீசனிலேயே லீக்கும் எஃப்.ஏ. கோப்பையும். அதே 2022 ஏப்ரலில், ஸ்டாரா பசோவாவில், உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் செர்பியா ஜெர்மனியை 3-2 தோற்கடித்தது. அந்த ஜெர்மனி மூன்று மாதத்தில் யூரோ எனும் ஐரோப்பிய நாடுகள் கோப்பையின் ஃபைனல் ஆடியது. செர்பியாவோ 2025 யூரோ வரை எந்தப் பெரிய போட்டிக்கும் தகுதி பெறவில்லை.

ஆளை வளர்த்து அனுப்பும் கிளப்புக்கு என்ன கிடைக்கிறது என்பதுதான் எனக்கு ஆத்திரம் வரும் இடம். ஆண்கள் கால்பந்தில் ஒரு பையன் முதல்முறை தொழில்முறை ஒப்பந்தம் போட்டால் வளர்த்த கிளப்புக்குப் பயிற்சி இழப்பீடு உண்டு. பெண்கள் கால்பந்துக்கு அது பொருந்தாது என்று ஃபிஃபா விதியிலேயே எழுதியிருக்கிறது. மிச்சம் இருப்பது, ஆள் கிளப் மாறும்போது வாங்கும் கிளப் கொடுக்கும் மாற்றுத் தொகையில், வளர்த்த கிளப்புகளுக்கு 5 சதவீதப் பங்கு. 12 முதல் 15 வயது வரை சீசனுக்கு 0.25, 16 முதல் 23 வரை சீசனுக்கு 0.5 சதவீதம். ஒரு பெண் 12 வயது சீசன் தொடங்கி ஆறு சீசன் உள்ளூரில் ஆடினாள் என்று வை. நாலு கால் ஒன்று, இரண்டு அரை ஒன்று, ஆக 2 சதவீதம். ஒரு லட்சம் யூரோவுக்கு விலை போனால் 2,000 யூரோ. ஒப்பந்தம் முடிந்து சும்மா போனால் மாற்றுத் தொகையே இல்லை, பங்கும் சூன்யம். இன்னொரு ஓட்டை, பதிவு. எந்த வருஷம் எந்தக் கிளப்பில் இருந்தாள் என்பது தேசிய சங்கத்தின் பதிவில் இருந்தாக வேண்டும். சின்னப் பெண்தானே என்று இரண்டு சீசன் விட்டுவிட்டால் அந்த வருஷங்களுக்குக் காசில்லை. திறமை தெரிந்தவுடனே ஒப்பந்தம் எழுதிவிடு என்பார்கள். அதற்கும் வரம்பு, பதினெட்டுக்குக் கீழே மூன்று வருஷத்துக்கு மேல் எழுத முடியாது.

அங்கே பெல்கிரேடின் ரெட் ஸ்டார் மாதிரிப் பெரிய பெயர்கள் பெண்கள் அணியில் அக்கறை காட்டக் காட்ட, சுபோட்டிட்சாவின் தனி ராஜ்யம் ஆட்டம் காணத்தான் செய்யும். வரட்டும் என்கிறேன். லீக்கில் வருஷத்துக்கு நாலு நெருக்கமான ஆட்டம் கிடைத்தால் ஆகஸ்டில் அதன் பலன் தெரியும்.

அட்லெட்டிகோவோடு ஆடிய இரண்டு ஆட்டமும் கிடைத்தால் பார். முதல் ஆட்டத்தில் வாங்கிய மூன்று கோலும் எந்தப் பக்கத்திலிருந்து வந்தன என்று குறித்து எழுது. உன் கணிப்பு என்ன என்று தெரிந்தபின் நான் நினைப்பதைச் சொல்கிறேன். வீட்டில் எல்லாரையும் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
கணேசன்