இரண்டு ஒப்பந்தங்களுக்கும் நடுவே பறந்த ஏவுகணை

இந்திய, பாகிஸ்தான் வெளியுறவுச் செயலர்களுக்கு,

வணக்கம். பரஸ்பரம் அணு நிலையங்களைத் தாக்குவதில்லை என்று 1988 டிசம்பர் 31 அன்று இஸ்லாமாபாத்தில் கையெழுத்தான ஒப்பந்தம் இன்றும் உயிரோடு இருக்கிறது. 1992 முதல் ஆண்டுதோறும் ஜனவரி 1 அன்று, அணு உலைகள், எரிபொருள் ஆலைகள், பயன்படுத்திய எரிபொருளை மறுசெயலாக்கும் ஆலைகளின் பட்டியலை அட்சரேகை, தீர்க்கரேகையோடு பரிமாறிக்கொள்கிறீர்கள். கார்கில் சண்டைக்குப் பிறகும் அது நின்றுபோகவில்லை. தேதி நிலையானது, ஆய்வாளர்கள் வர வேண்டியதில்லை, யாரும் யாரிடமும் போய்க் கேட்க வேண்டியதில்லை. அதனால்தான் அது நிலைத்தது என்பது எங்கள் கணிப்பு. கல்பாக்கத்தை ஒட்டி வாழ்பவர்களுக்கும் கராச்சிக் கடலோரத்தில் வாழ்பவர்களுக்கும் அது பெரிய காப்பு.

பின்னால் வந்த இரண்டு ஒப்பந்தங்களைப் பற்றி எங்களுக்கு அந்த நிம்மதி இல்லை.

2005 அக்டோபர் ஒப்பந்தப்படி ஏவுகணைச் சோதனைக்குக் குறைந்தது 3 நாள் முன்பே தகவல் தர வேண்டும். ஏவுதளம் எல்லையிலிருந்து 40 கி.மீ.க்குள்ளும், விழும் இடம் 75 கி.மீ.க்குள்ளும் இருக்கக் கூடாது. ஆனால் இவை, உயரே எழும்பி வளைபாதையில் வந்து விழும் பாலிஸ்டிக் ஏவுகணைகளுக்கு மட்டுமே. பாகிஸ்தானின் பாபர், இந்தியாவின் பிரம்மோஸ் போன்று விமானம்போல் பறந்து செல்லும் க்ரூஸ் ஏவுகணைகள் இதில் இல்லை. 2007 பிப்ரவரி ஒப்பந்தமோ அணு ஆயுத விபத்துகளுக்கானது.

2022 மார்ச் 9 அன்று பராமரிப்பின்போது தவறுதலாகக் கிளம்பிய இந்தியாவின் பிரம்மோஸ், பாகிஸ்தானின் மியான் சன்னு அருகே விழுந்தது. அது சோதனையும் அல்ல, அதில் அணு ஆயுதமும் இல்லை. ஆகவே இரண்டு ஒப்பந்தங்களிலும் அதற்கு இடமில்லை. இந்தியாவின் அதிகாரபூர்வ விளக்கம் வெளிவந்தது மார்ச் 11 அன்று. ஒலியைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு வேகத்தில், தாழ்வாகவும் பறக்கக்கூடிய ஒன்று ரேடாரில் தெரியும்போது, அதில் என்ன பொருத்தியிருக்கிறது என்பதை எதிர்த்தரப்பு ஊகிக்கத்தான் முடியும். ஊகிக்கக் கிடைப்பதும் சில நிமிடங்களே.

எங்கள் முதன்மையான கோரிக்கை, 2007 ஒப்பந்தத்தில் ஒரு பிரிவைச் சேர்ப்பது: அணு ஆயுதம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், எல்லையை நோக்கித் தவறிக் கிளம்பும் எந்த ஏவுகணை பற்றியும் டிஜிஎம்ஓ (ராணுவ நடவடிக்கைகளின் தலைமை இயக்குநர்கள்) ஹாட்லைனில் உடனே சொல்ல வேண்டும். ‘உடனே’ என்ற சொல் போதாது, நிமிடக் கணக்கு எழுதப்பட வேண்டும். கிளம்பிய நேரம், திசை, வேகம், வெடிபொருள் உண்டா என்ற நான்கு விவரங்கள் போதும். அழைப்பவர் டெல்லியின் அனுமதிக்கோ ராவல்பிண்டி ராணுவத் தலைமையகத்தின் அனுமதிக்கோ காத்திருக்காமல் பேச அதிகாரம் வேண்டும். தாமதம் பெரும்பாலும் அங்கேதான் நேரும்.

2005 ஒப்பந்தத்தில் தரையிலிருந்தும் கடலிலிருந்தும் ஏவும் க்ரூஸ் ஏவுகணைகளைச் சேருங்கள். ரகசியம் கசியும் என்ற அச்சத்துக்கு இடமில்லை. சோதனைக்கு முன் விமானிகளுக்கு அறிவிப்பு தருவது ஏற்கெனவே வழக்கம்தான். விமானத்திலிருந்து ஏவுபவற்றை இப்போதைக்கு விட்டுவிடலாம். அதையும் சேர்த்துப் பிடிவாதம் பிடித்தால் பேச்சு முதல் சுற்றிலேயே முடங்கிவிடும்.

அடுத்த ஜனவரி 1 அன்று பட்டியலைக் கொடுக்கும் கையோடு இந்தத் திருத்தங்களின் வரைவையும் கொடுங்கள்.

இப்படிக்கு,
தெற்காசிய அணு ஆயுத ஒப்பந்தங்களைத் தொடர்ந்து ஆய்ந்துவருவோர்