சுப்பையா, ஒரு படம் வரைந்து அனுப்பு

சிலிம் ரிவர், பேராக், மலேசியா,
ஞாயிறு இரவு

டேய் சுப்பையா,

இங்கே எல்லோரும் நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய். இல்லையென்றால் இதற்குள் உன் மகள் போன் போட்டிருப்பாள். தீபாவளிக்கு முறுக்கு வந்த டின்னைத் திருப்பித் தரவில்லை என்று கிள்ளானில் உட்கார்ந்துகொண்டு என்னைத் திட்டுவது இங்கே கேட்கிறது. டின் பத்திரமாக இருக்கிறது. இப்போது அதற்குள் முறுக்கு இல்லை, துரு இருக்கிறது. போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நீ பாதியிலேயே சிரிப்பாய், நானும் சொல்ல வந்ததை விட்டுவிடுவேன். கடைசியில் உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். அதற்குச் சிரிப்பு ஆகாது.

விஷயம் இதுதான். நான் ஒரு மெட்டல் டிடெக்டர் வாங்கியிருக்கிறேன்.

சிரித்து முடித்துவிட்டாயா? சரி. துருக்கியில் செய்த நோக்டா, செகண்ட் ஹேண்ட், ஈப்போவில் ஒரு பையனிடம் மகன் பேசி வாங்கிக் கொடுத்தான். விலையை வீட்டுக்காரியிடம் பாதியாகச் சொல்லியிருக்கிறேன். நீ வந்தால் முழு விலையை உளறிவிடாதே. ஓய்வு பெற்றவன் கோயில் கமிட்டியில் சேருவான், இல்லையென்றால் ஒட்டுக்கடையில் உட்கார்ந்து அரசியல் பேசுவான். இரண்டுக்கும் இந்த ஊரில் இடம் காலியில்லை.

முதல் வாரம் என்ன கிடைத்தது தெரியுமா? பீர் மூடி. இரண்டாம் வாரமும் பீர் மூடி. நம் பழைய திடலில் இத்தனை பேர் குடித்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. உனக்குத் தெரிந்திருக்கும்.

கருவியின் வேலை பெரிய மர்மம் இல்லை. கீழே வட்டமாக ஒரு காயில், கம்பிச் சுருள். அது மண்ணுக்குள் காந்த அலையை அனுப்புகிறது. உள்ளே உலோகம் இருந்தால் அதில் சின்னதாக ஒரு மின்சாரம் சுழன்று, பதிலுக்கு ஓர் அலையைத் திருப்பி அனுப்பும். அந்தப் பதில் எவ்வளவு தாமதமாக வருகிறது என்று பார்த்து மெஷின் ஒரு சத்தம் கொடுக்கும், திரையில் ஒரு எண்ணைக் காட்டும். இரும்பென்றால் தொண்டை கட்டியவன் மாதிரி ஒரு உறுமல். வெள்ளி, செம்பு என்றால் கோயில் மணி. வம்பு எங்கே என்றால் நடுவில். சின்னத் தங்கம், நம் பழைய நிக்கல் காசு, டின் பானத்தின் இழுப்பு வளையம், சிகரெட் தாள் எல்லாம் ஏறக்குறைய அந்த நடுப்பகுதியில்தான் பேசும். குப்பை வேண்டாம் என்று அந்த எண்களை அடைத்து வைத்தால் தங்கமும் சேர்ந்து அடைபடும். நம் பெரியசாமி வாத்தியார் சத்தம் போடுகிற பையன்களை எல்லாம் வெளியே அனுப்பிவிட்டுப் பாடம் நடத்துவாரே, மிச்சம் யார் இருந்தார்கள்? அந்தக் கதைதான்.

நம் மண் வேறு. செம்மண்ணில் இரும்புச் சத்து அதிகம், சும்மா தரையே கத்தும். உலோகம் இல்லாத இடமாகப் பார்த்து, காயிலை மேலும் கீழும் ஆட்டி, மண்ணின் சத்தம் அடங்கும்வரை சரிபார்த்துக்கொள்ள வேண்டும். அதற்கே எனக்கு மூன்று நாள் ஆனது. பிறகுதான் புரிந்தது, நான் காயிலைப் புல்வெட்டுகிறவன் மாதிரி வீசிக்கொண்டிருந்தேன். அப்படி இல்லை. தரையை உரசாமல், தரையை விட்டு எழும்பாமல், ஒரு வீச்சின் மேல் பாதி அடுத்த வீச்சு விழுகிற மாதிரி மெதுவாகப் போக வேண்டும். சத்தம் வந்தால் பக்கவாட்டில் திரும்பி நின்று குறுக்கே இன்னொரு வீச்சு. இரண்டு பக்கமும் ஒரே இடத்தில் மணி அடித்தால் தோண்டலாம். ஒரு பக்கம் மட்டும் அடித்தால் பெரும்பாலும் வளைந்த ஆணி.

அப்புறம் நாம் வளர்ந்த தோட்டத்துக்குப் போனேன். மேனேஜரிடம் எழுதிக் கொடுத்து அனுமதி வாங்கித்தான். குலை வெட்டும் நாளில் வரக்கூடாது, தோண்டிய குழியை மூட வேண்டும் என்றார். நியாயம்தானே. மண்ணை மூன்று பக்கம் வெட்டி மூடி மாதிரித் திறக்கிறேன், கிளறிய மண்ணைத் துணியில் கொட்டுகிறேன், எடுத்ததும் அப்படியே கவிழ்த்து மிதித்துவிடுகிறேன். நான் போன இடம் எனக்கே தெரியாது.

இப்போது எல்லாம் செம்பனை. ஆனால் மண்ணுக்குள் இன்னும் நம் பழைய கித்தாக்காடுதான், ரப்பர் தோட்டம்தான் சுப்பையா. பால் பிடிக்கிற மங்கு மாட்டுகிற கம்பி! மரத்துக்கு ஒன்று, எத்தனை ஆயிரம் மரம்! பால் வடிகிற தகடு வேறு. நாலு அடி நடந்தால் நாற்பது உறுமல். முதல் நாள் வெறுத்துப்போய், மறுநாள்தான் மூளை வேலை செய்தது: கம்பி இருக்கிற இடத்தில் மரம் இருந்தது, கம்பி இல்லாத இடத்தில் ஆள் இருந்தான். உறுமல் எங்கே நிற்கிறது என்று பார்த்துப் பார்த்து நடந்து, நாம் குடியிருந்த லயத்து வீடுகள் இருந்த இடத்தைக் கண்டுபிடித்தேன். ஒரு செங்கல் இல்லை, ஒரு தூண் இல்லை. காதை வைத்தே கண்டுபிடித்தேன்.

அங்கேதான் சதுரக் காசு கிடைத்தது. 1 சென்ட், ஆறாம் ஜார்ஜ் தலை, 1940. மூலை நாலும் மழுங்கி, பச்சைப் பாசி பிடித்து, உன் ஆத்தா முந்தானையில் முடிந்து வைத்திருப்பாரே, அதே காசு. 1967-இல் பார்லிமெண்ட் படம் போட்ட புதுக் காசு வந்ததும் இதை வைத்துக் கோலி விளையாடினோம். புளி போட்டுத் தேய்க்கலாம் என்று வீட்டுக்காரி எடுத்துக்கொண்டு போனாள், ஓடிப்போய்ப் பிடுங்கினேன். பழைய காசைத் தேய்த்தால் முகமும் போகும், மதிப்பும் போகும். வெறும் தண்ணீர்தான். அது உன் முறுக்கு டின்னில்தான் இருக்கிறது, பஞ்சு வைத்து.

ஊரில் எனக்கு இப்போது பெயர் 'குண்டுசாமி'. காரணம் கேள். 1942 ஜனவரி 7 விடியுமுன் ஜப்பான்காரனின் டாங்கிகள் துரோலாக் வழியாகப் புகுந்து, காலையில் சிலிம் ரிவர் பாலத்தைப் பிடித்த கதையை உன் தாத்தா நூறு தடவை சொல்லியிருப்பார். அதனால் இந்தப் பக்கம் ரவைக்கூடு கிடைப்பது அதிசயமில்லை, எனக்கே இரண்டு கிடைத்தது. ஒரு நாள் பாதையோரம் தோண்டினால், துருப்பிடித்து, உருளையாக, தொடை கனத்தில் ஒன்று. அந்த மாதிரி எதையும் தொடாதே, தட்டாதே, தூக்காதே, போலீசைக் கூப்பிடு என்பதுதான் விதி. கூப்பிட்டேன். வண்டி வந்தது, கயிறு கட்டினார்கள், பாதி ஊர் வந்தது, ஐஸ்காரன் வந்தான். இரண்டு மணி நேரம் கழித்து ஒரு பெரியவர் எட்டிப் பார்த்துவிட்டு, "இது நம்ம ரப்பர் ஸ்டோர் பம்பு பிஸ்டன்டா" என்றார். சிரித்துக்கொள். மறுபடி அப்படி ஒன்று கிடைத்தாலும் போலீசைத்தான் கூப்பிடுவேன்.

இன்னொரு கூத்து. ஒரு ஆள் ஒரு சாமியாரைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டான். ஜப்பான்காரன் புதைத்த தங்கம் இருக்கிறதாம், சாமி இடம் சொல்லுமாம், என் மெஷின் உறுதிப்படுத்துமாம், ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு. 2005-ஆம் ஆண்டு தேசியப் பாரம்பரியச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது, மண்ணில் பழம்பொருள் கிடைத்தால் மாவட்ட அதிகாரிக்குச் சொல்ல வேண்டும், இஷ்டத்துக்கு அகழ முடியாது என்றேன். சாமியாருக்குச் சட்டம் பிடிக்கவில்லை. காப்பியை மட்டும் குடித்துவிட்டுப் போனார்.

சரி, இப்போது கேட்க வந்தது.

மூன்று வாரத்துக்கு முன் ஆற்றுப் பக்கம் இறங்கினேன். கம்பிச் சத்தம் சுத்தமாக நின்றுபோன ஒரு சரிவு. கம்பி இல்லையென்றால் ஆள் இருந்திருப்பான் என்று என் கணக்கு. சந்தோஷமாக நடந்தேன். தெளிவான மணி, குறுக்கே வீசினாலும் அதே மணி. ஒரு சாண் ஆழம்கூட இல்லை. விரலால் மண்ணை விலக்கினேன். பித்தளை. முதலில் ஏதோ விளக்கு என்று நினைத்தேன். மூக்கு நீண்டிருந்தது. பாலாடை, சுப்பையா. கைக்குழந்தைக்குப் பால் புகட்டுகிற சங்கு.

ஹெட்போனைக் கழற்றிவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். எங்கே நிற்கிறேன் என்று அப்போதுதான் தெரிந்தது.

உன் கடைசித் தம்பிக்குப் பிறந்த முப்பதாம் நாள் கும்பிடுகூட நடக்கவில்லை. உன் அப்பா துண்டில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு போனார். நீயும் நானும் பின்னால் ஓடினோம், வேலையாட்களை மேய்க்கிற தண்டல், வாய்க்கால் ஓரத்திலேயே நம்மை நிறுத்திவிட்டார். மறுநாள் பால் தெளிக்கப் போன உன் ஆத்தா கையில் என்ன எடுத்துப் போனார் என்று எனக்கு நினைவில்லை. இது அவனுடையது என்று நான் சொல்லவில்லை. அந்த வருஷங்களில் எத்தனை பிள்ளைகள் அங்கே போயின.

எடுத்த இடத்திலேயே வைத்து மூடிவிட்டேன். கற்பூரம் இல்லை. பிளாஸ்கில் பால் டீ இருந்தது. ஊற்றலாமா என்று யோசித்து, அபத்தம் என்று பட்டு, பிறகு ஊற்றினேன். யாரிடமும் சொல்லவில்லை, வீட்டில்கூட.

அடுத்த வருஷம் அந்தப் பக்கம் மறுநடவாம். இயந்திரம் இறங்கிச் சரிவு முழுவதும் படி வெட்டும். மேனேஜரிடம் போனேன். நல்ல மனிதர், இளவயது. படத்தை விரித்துக் காட்டினார். ஸ்டோர் இருக்கிறது, பிள்ளைகளை விட்டுப் போகிற ஆயாக் கொட்டகை இருக்கிறது, காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டுக்களம் இருக்கிறது. இடுகாடு என்று ஓர் இடமே அதில் இல்லை. "எங்கிருந்து எங்கே வரை என்று காட்டுங்கள், மேலே எழுதுகிறேன்" என்றார். என்னால் காட்ட முடியவில்லை. வாய்க்காலைத் தூர்த்துவிட்டார்கள். அரச மரம் இல்லை. மெஷினை வைத்துக்கொண்டு அங்கே எல்லை தேட எனக்கு மனசு வரவில்லை, வரவும் வராது.

சித்திரப் பாடத்தில் எப்போதும் நீதான் முதல். அந்த வயதிலேயே தோட்டம் முழுவதையும் சுண்ணாம்புக்கட்டியால் பெரட்டுக்களத்தில் வரைந்து, கணக்கு எழுதுகிற கிராணியிடம் அடி வாங்கியவன். அதை இப்போது தாளில் வரை. வாய்க்கால் எங்கே வளைந்தது, அரச மரம் வாய்க்காலுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா, கடைசி வரிசைக்கும் ஆற்றுக்கும் நடுவே எத்தனை எட்டு. நான் அரச மரம் இந்தப் பக்கம் என்கிறேன். பழனி அந்தப் பக்கம் என்று அடம் பிடிக்கிறான், அவன் பேச்சை நம்ப முடியுமா? உன் அக்காவிடமும் கேள். அவருக்கு என்னைவிட உன்னைவிட நினைவு அதிகம்.

தபாலில் போடாதே, நேரில் கொண்டு வா. மேனேஜரைப் போய் இருவருமாகப் பார்ப்போம். மழைக்கோட்டும் பழைய சப்பாத்தும் எடுத்து வா, ரத்தம் குடிக்கிற அட்டை இன்னும் அப்படியேதான் இருக்கிறது. டின்னையும் அப்போது வாங்கிக்கொள்.

உன்,
ராமு